இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய ஹைபிரிட் கார்: வாங்கலாமா?

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் கமக்காரன் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நாலடி நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பான். விற்பவன் கூறும் வயதை அவன் காதில் வாங்கிக்கொள்வதில்லை. மோட்டார் கார் வாங்கச் செல்லும் நம்மவரோ, ஸ்ரியரிங்குக்கு அப்பால் ஒளிரும் ஓர் எண்ணைக் கண்ட மாத்திரத்தே மனம் மகிழ்ந்தோ மனம் தளர்ந்தோ விடுகின்றனர். மீற்றரில் 60 ஆயிரம் என்றிருந்தால் ‘புதுக் கார் மாதிரி’ என்பர். 2 இலட்சத்தைத் தாண்டியிருந்தால் ‘ஓடிக் களைத்த கார்’ என்று திரும்பியும் பாரார். பெற்றோலில் மாத்திரம் ஓடும் சாதாரணக் காருக்கே இம்முடிவு முழுவதும் பொருந்தாது. பெற்றோலும் மின்சாரமும் கூடி இயக்குகின்ற ஹைபிரிட் காரிலோ இது பல வேளைகளில் தலைகீழான முடிவாகவே போய்விடும்.

இதனை இன்று விரித்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2010 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், யப்பானிலே சிறிது காலம் ஓடிய பிரியஸ், அக்குவா, ஃபிட், வெசல் முதலிய ஹைபிரிட் கார்கள் ஆயிரக்கணக்கில் நம் துறைமுகங்களில் வந்திறங்கின. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் புதியவை வாராமையால் பழையவையே கைமாறி விலையேறின. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தை எவரும் மறந்திரார். அவ்வாண்டு ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோல் 470 ரூபாவை எட்டியது. அந்த விலைக்குங்கூட இரவு பகலாக வரிசையில் நிற்க நேர்ந்தது. குறைந்த பெற்றோலில் கூடிய தூரம் ஓடும் கார் வேண்டும் என்ற ஆசை அன்றே நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது எனலாம். இறக்குமதி மீண்ட பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய காரின் விலை ஆசிரியர், எழுதுவினைஞர், வங்கி உத்தியோகத்தர் போன்றோரின் கைக்கு எட்டுவதாயில்லை. ஆகவே அவர்கள் முன் நிற்பது பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பழைய ஹைபிரிட் காரே. வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்யும் பெருஞ்செலவு அது. பலர் அதனைக் கடன் பட்டே செய்கின்றனர்.

நூற்றாண்டுப் பழைமை

ஹைபிரிட் என்பது நேற்று முளைத்த புதுமை அன்று. 1900 ஆம் ஆண்டிலேயே ஃபெர்டினண்ட் போர்ஷே என்னும் இளம் பொறியியலாளர், வியன்னா நகரின் லோனர் வண்டித் தொழிலகத்தில் பணியாற்றியபோது, பெற்றோல் இயந்திரம் மின்னைப் பிறப்பிக்க, அம்மின்னால் சக்கரங்களிலுள்ள மோட்டார்கள் சுழலும் வண்டியொன்றை அமைத்தார். ‘என்றும் உயிருள்ளது’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்கு இட்டார். பாரமும் விலையும் மிகுந்தமையால் அவ்வழி அன்று வளரவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, தக்கேஷி உச்சியமாடா என்பவரின் தலைமையில் ரொயோட்டா நிறுவனத்தார் உருவாக்கிய பிரியஸ் 1997 டிசெம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. ‘முன்னர்’ என்னும் பொருளுடைய அச்சொல்லும் இலத்தீனே. பெருந்தொகையில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஹைபிரிட் கார் அதுவே.

பெளதிகம் பயிலும் மாணவர்க்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். ஓடும் காருக்கு இயக்கச் சத்தி உண்டு. பிறேக்கை அழுத்தும்போது சாதாரணக் காரில் அச்சத்தி முழுவதும் உராய்வினால் வெப்பமாகி வீணே காற்றிற் கலக்கிறது. ஹைபிரிட் காரிலோ, பிறேக்கை மெல்ல அழுத்தியதும் சக்கரங்களை இயக்கிய மின்மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, அச்சத்தியின் ஒரு பங்கை மின்னாக்கிப் பற்றரியிற் சேர்க்கிறது. அடுத்த முறை கார் நகரும்போது அந்தச் சேமிப்பே செலவாகிறது. கார் நின்றால் பெற்றோல் இயந்திரமும் நின்றுவிடும். இதனாலேயே நெரிசல் மிகுந்த நகரத்தில் இதன் சிக்கனம் பளிச்சிடுகிறது.

ரொயோட்டாவின் அமைப்பில் இன்னோர் அழகு உண்டு. நடுவே சூரியனைப் போல் ஒரு பற்சக்கரம். அதனைச் சூழக் கோள்களைப் போலச் சிறு பற்சக்கரங்கள். அனைத்தையும் அணைத்தபடி ஒரு வளையச் சக்கரம். கோள்களைத் தாங்கும் சட்டத்தோடு பெற்றோல் இயந்திரமும், சூரியச் சக்கரத்தோடு சிறிய மின்மோட்டாரும், வளையத்தோடு பெரிய மின்மோட்டாரும் காரின் சக்கரங்களும் தொடர்புற்றிருக்கும். சிறிய மோட்டாரின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விட்டாலே, எந்த வேகத்திலும் இயந்திரம் தனக்கு உகந்த சுழற்சியில் நிற்கக் கூடியதாகிறது. மாற்றுவதற்குக் கியர் இல்லை. தேய்வதற்குக் கிளச் இல்லை. இயந்திரத்தை முடுக்கத் தனி ஸ்ராட்டர் மோட்டாரும் இல்லை. தனி டைனமோவும் இல்லை. பிறேக் வேலையின் பெரும்பகுதியை மின்மோட்டார் ஏற்றுக்கொள்வதால் பிறேக் கட்டைகளும் நெடுங்காலம் உழைக்கும். சாதாரணக் கார் 2 இலட்சம் கிலோமீற்றரில் தேய்ந்து செலவு வைக்கும் உறுப்புகள் பல இதில் இல்லவே இல்லை என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பற்றரியின் ஆயுள்

அவ்வாறாயின் அச்சம் எதற்கு? எல்லா அச்சமும் பின்னிருக்கையின் கீழோ பின்னாலோ மறைந்திருக்கும் பெரிய பற்றரியைப் பற்றியதே. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் கார்களில் இது நிக்கல் உலோக ஐதரைட்டு வகையைச் சேர்ந்தது. 1.2 வோல்ட் அளவுள்ள சிறு கலங்கள் ஆறு சேர்ந்தால் ஒரு கட்டு; அத்தகைய 28 கட்டுகள் தொடராக இணைக்கப்பெற்று 201.6 வோல்ட்டைத் தருகின்றன. அக்குவாவில் கட்டுகள் 20. மொத்தம் 144 வோல்ட்.

தொடர் இணைப்பின் குணம் யாவரும் அறிந்ததே. 168 கலங்களுள் ஒன்று நோயுற்றாலும் மற்றைய 167 கலங்களும் அதற்காகத் தயங்கி நிற்க வேண்டியதுதான். பற்றரி பொதுவாக ஒரே நாளில் முழுவதும் செத்துப்போவதில்லை. ஒரு கட்டு தளரும், அதன் பின் மற்றொன்று தளரும். இதனைத் தடுப்பதற்காகவே காரின் கணினி அப்பற்றரியை ஒருபோதும் முழுதாக நிரப்புவதுமில்லை, முழுதாக வெறுமையாக்குவதுமில்லை. நாற்பது வீதத்துக்கும் எண்பது வீதத்துக்கும் இடைப்பட்ட எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் வைத்திருக்கும். அரை வயிறு உண்டு நெடுநாள் வாழும் துறவியரின் நெறி போலும்!

2011 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்’ என்னும் நுகர்வோர் ஏடு, 2 இலட்சம் மைலுக்கு மேல், அதாவது 3 இலட்சத்து 20 ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிய 2002 ஆம் ஆண்டுப் பிரியஸ் ஒன்றைச் சோதித்தது. பத்தாண்டுகளுக்கு முன் புதிய பிரியஸில் தானே கண்ட முடிவுகளோடு ஒப்பிட்டபோது, எரிபொருட் செலவிலும் வேகத்திலும் காணப்பட்ட வேறுபாடு மிகச் சொற்பம். அந்தக் காரில் இருந்தது தொடக்கத்தில் பொருத்தப்பட்ட பற்றரியே. ஒரு காரை வைத்து விதி வகுக்க இயலாது. யாழ்ப்பாணத்து வைகாசி வெயிலும் அமெரிக்காவின் வெயிலும் ஒன்றல்ல. எனினும், தூரம் மாத்திரம் பற்றரியைக் கொல்வதில்லை என்பதற்கு அது தக்க சான்று.

பற்றரியின் மெய்யான பகைவர் மூவர். முதலாவது வெப்பம். பற்றரியைக் குளிர்விக்க ஒரு சிறு விசிறி உண்டு. அது காரினுள்ளே பின்னிருக்கைக்கு அருகிலுள்ள துவாரத்தின் வழியே காற்றை உறிஞ்சும். செம்மண் தூசியும் நாய் மயிரும் அத்துவாரத்தை அடைத்துவிடின் பற்றரி புழுங்கி வாடும். துப்புரவு செய்ய அரைமணி நேரமும் சொற்பப் பணமும் போதும். செய்யாதிருந்தால் சில இலட்சம் ரூபா செலவு. இரண்டாவது பகைவன் காலம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் பற்றரிக்கு வயது ஏறும். மூன்றாவது, பலர் எண்ணிப்பாராதது: சும்மா நிற்றல். மாதக் கணக்கில் நிற்கும் காரில் பற்றரி தானாகவே மின்னிழந்து, கட்டுகளுக்கிடையே சமநிலை கெட்டுப்போகும். 2020 இலும் 2022 இலும் வீட்டு முற்றங்களில் நின்று தூங்கிய கார்கள் எத்தனை! மீற்றரில் குறைந்த எண்ணைக் காட்டுகின்ற பன்னிரண்டு வயதுக் கார், தினமும் ஓடிய காரினும் நோய் மிகுந்ததாய் இருத்தல் கூடும்.

மீற்றர் சொல்லும் பொய்

குறைந்த எண் உண்மையான எண்ணாயிருந்தாற் கூட மேற்கூறிய இடர் உண்டு. பொய்யான எண்ணாயிருந்தால்? முன்னாளில் மீற்றரைப் பின்னோக்கிச் சுற்றுவதற்குப் பற்சக்கரங்களைக் கழற்ற வேண்டும். இந்நாளில் கணினிக் கருவியொன்றைப் பொருத்தினால் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் நேரத்தில் ஒன்றரை இலட்சம் கிலோமீற்றர் மறைந்துவிடும். அதிக தூரம் ஓடிய காரை எவரும் திரும்பிப் பாராத சந்தையில், அந்தப் பொய்யை வளர்ப்பவர் விற்பவர் மாத்திரமல்லர். எண்ணை மட்டும் பார்த்து வாங்கும் நாமும் அதற்கு எருவிடுகின்றோம்.

எம்முடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு கார் தேடிய கதை இதற்குப் பொருத்தமானது. ஒரே வாரத்தில் இரண்டு அக்குவாக்கள் அவர் கண்ணிற் பட்டன. இரண்டும் 2013 இல் செய்யப்பட்டவை. ஒன்று விற்பனை நிலையமொன்றில் மெழுகு பூசி மினுங்கிக்கொண்டு நின்றது; மீற்றரில் 62 ஆயிரம். மற்றையது வவுனியாவிலே குடும்பத்தை வைத்துவிட்டு யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்து வாராவாரம் போய்வந்த ஓர் அரசாங்க உத்தியோகத்தருடையது. மீற்றரில் 2 இலட்சத்து 14 ஆயிரம். வலப்பக்கக் கதவிலே கீறலும் இருந்தது. விலை வேறுபாடு ஏழு இலட்சம் ரூபா. ஆசிரியருக்கு மினுங்கியதிலேதான் மனம். முற்பணம் கொடுக்கவும் ஆயத்தமாகிவிட்டார். உடன் வந்திருந்த அவர் மனைவியார் சாரதி இருக்கையில் ஏறி அமர்ந்து, குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இஞ்சை பாருங்கோ, இந்தப் பிறேக் மிதிக்கிற ரப்பரை. இருபது வருஷமா நான் மிதிக்கிற தையல் மெசின் பலகை கூட இப்பிடித் தேயேல்லை.”

தேய்ந்துதான் இருந்தது, ஓரத்து வரிகள் அழிந்து வழுவழுவென்றாகிவிட்டன. ஸ்ரியரிங்குக்கு அழகான புதிய தோலுறை போட்டிருந்தார்கள். அதனுள்ளே என்ன மறைந்திருந்தது என்பதைக் கூற வேண்டுவதில்லை. காரின் சட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, யப்பானிய ஏலத் தாளை வேறொரு வழியாக வருவித்துப் பார்த்தோம். 2015 இல் யப்பானை விட்டுப் புறப்பட்டபோதே அது 48 ஆயிரம் கிலோமீற்றர் ஓடியிருந்தது. அவ்வாறாயின் இலங்கையிற் பத்தாண்டுகளில் ஓடியது 14 ஆயிரம்; நாளொன்றுக்கு நான்கு கிலோமீற்றரும் இல்லை. கோயிலுக்கும் கடைக்கும் போய்வரவே அது போதாது.

இரண்டாவது காரின் சொந்தக்காரர் ஒரு பழைய கொப்பித் தாளுறையில் பற்றுச்சீட்டுகளை எல்லாம் திகதி வாரியாக வைத்திருந்தார். எண்ணெய் மாற்றியது, ரயர் மாற்றியது, 1 இலட்சத்து 70 ஆயிரத்தில் பெரிய பற்றரியையே மாற்றியது, எல்லாவற்றிலும் கிலோமீற்றர் எண் எழுதப்பட்டு ஒன்றுக்கொன்று முரணின்றி ஏறிக்கொண்டே சென்றது. ஸ்கானரைப் பொருத்திப் பார்த்த மெக்கானிக், “மாஸ்ரர், மீற்றர் சொல்லுறதை விடுங்கோ. பற்றரி சொல்லுறதைக் கேளுங்கோ” என்றார். ஆசிரியர் அதனையே வாங்கினார். இன்று அது 2 இலட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. முன் ரயர்கள் இரண்டும் ஒரு சக்கரத்தின் பெயரிங்கும் மாற்றியதைத் தவிர வேறு பெருஞ்செலவு ஏற்படவில்லை. கதவின் கீறல் இன்னும் அப்படியே இருக்கிறது. அம்மையார் அதைப் பற்றி அவ்வப்போது கூறுவதுண்டு.

ஏலத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. யப்பானிய ஏலத்திற் காரைப் பரிசோதிப்பவர் அதற்குப் புள்ளியிட்டு, ஓடிய தூரத்தையும், அடிபட்ட இடங்களையும் படம் வரைந்து குறித்திருப்பார். புள்ளியின் இடத்தில் ஆர் என்னும் ஆங்கில எழுத்து நின்றால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய கார் என்று பொருள். ஆனால் விற்பவர் நீட்டும் தாளை அப்படியே நம்புதல் கூடாது. அதனையும் திருத்தி அச்சிடுவோர் உளர். சட்ட எண்ணைக் கொண்டு தாமே பெற்றுக்கொள்வது நன்று. அத்துடன், ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3519 என்றால் 2019 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தில் செய்தது. ‘கம்பனி ரயரே இன்னும் மாற்றவில்லை’ என்று கூறப்படும் காரில் இதனைப் பார்த்தால் சிலபோது நல்ல வேடிக்கை கிடைக்கும்.

காலைக் குளிரில் பாருங்கள்

காரைப் பார்க்கச் செல்வதாயின் விடியற்காலையிற் செல்லுங்கள். தாம் வரும்வரை இயந்திரத்தை முடுக்க வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். போனதும் போனெற்றின் மேற் கையை வைத்துப் பாருங்கள். சூடாயிருந்தால் அங்கே ஏதோ மறைக்கப்படுகிறது. 2009 இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் 1.8 லீற்றர் இயந்திரத்துக்குத் தெரிந்த நோய் ஒன்றுண்டு. கழிவு வாயுவின் ஒரு பங்கை மீண்டும் உள்ளே அனுப்பும் குழாய்வழி கரி பிடித்து அடைபடும். நாளடைவில் இயந்திரத் தலையின் கஸ்கற் பழுதுற்றுக் குளிராக்கும் திரவம் உள்ளே கசியும். அப்போது காலையில் முதன்முறை இயந்திரம் முடுங்கும் கணத்தில் கார் முழுவதும் கடகடவென்று உதறும். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். சூடேறிய காரில் இந்த உதறலைக் காண முடியாது. திரவத் தொட்டியில் மட்டம் குறைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும்.

அதன் பின் ஓட்டிப் பார்த்தல். சந்தியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துத் திரும்புவது பரிசோதனை ஆகாது. குளிரூட்டியை முழு அளவிற் போட்டு, ஆட்களை ஏற்றி, அரைமணி நேரமேனும் நின்றும் நகர்ந்தும் ஓடுங்கள். கண்டிப் பக்கத்தில் இருப்போர்க்குக் கடுகண்ணாவை ஏற்றம் இயற்கையே அமைத்த பரிசோதனைச் சாலை. முன்னே உள்ள திரையில் பற்றரியின் அளவைக் கவனியுங்கள். நலமுள்ள பற்றரியில் அந்தக் கோடுகள் மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். ஏற்றத்தில் விறுவிறுவென்று அடிமட்டத்துக்கு இறங்கி, இறக்கத்தில் அதே விரைவில் நிறைந்துவிடுமாயின் பானை சிறுத்துவிட்டது என்பது பொருள். பின்பக்கத்து விசிறி ஓயாது இரைவதும் நற்குறியன்று.

ஸ்கானரை இயக்கத் தெரிந்த, விற்பவரோடு தொடர்பற்ற மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்வது இன்றியமையாதது. அவர் காரை ஓடவிட்டபடியே பற்றரியின் தொகுதிகளை ஒவ்வொன்றாக அளந்து காட்டுவார். பிரியஸில் இத்தொகுதிகள் 14. ஓட்டத்தில் அவற்றுக்கிடையே வேறுபாடு மிகச் சிறிதாயிருக்க வேண்டும்; ஒரு தொகுதி மற்றையவற்றினும் ஒரு வோல்ட் அளவுக்குப் பின்தங்குமாயின் அந்தக் காரை விட்டு நகர்வதே புத்தி. இங்கே ஒரு மோசடியையும் அறிந்துகொள்ளல் வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கிய காரில், தளர்ந்த கட்டு ஒன்றைக் கழற்றி, இன்னொரு பழைய காரிலிருந்து எடுத்த கட்டை வைத்து, கணினியின் நினைவை அழித்துவிடுவார்கள். விளக்கு அணைந்துவிடும். சில கிழமைகளோ மாதங்களோ சென்ற பின் அடுத்த கட்டு தளரும். அதற்குள் கார் கைமாறியிருக்கும். நினைவு அண்மையிற்றான் அழிக்கப்பட்டதா என்பதையும் ஸ்கானரே காட்டிக்கொடுக்கும். ‘பற்றரி செய்தது’ என்று விற்பவர் பெருமையாகக் கூறினால், முழுப் பற்றரியும் மாற்றியதா, ஒரு கட்டு மாற்றியதா, புதியதா, பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழையதா என்று கேட்டுப் பற்றுச்சீட்டையும் பார்க்க வேண்டும்.

வேறு சில உறுப்புகள் விரைவாக: இன்வேட்டரைக் குளிர்விக்கத் தனித் திரவத் தொட்டியும் சிறு பம்பியும் உண்டு, கார் ஆயத்த நிலையில் இருக்கும்போது பல மாதிரிகளில் அத்தொட்டியினுள் திரவம் அசைந்தாடுவதைக் காணலாம். பிறேக்கின் அமுக்கத்தைப் பேணும் பம்பி, பிறேக்கைத் தொடாதபோதும் அடிக்கடி உறுமினால் பெருஞ்செலவு காத்திருக்கிறது. இதற்கு மாறாக, சில காலை வேளைகளிற் கார் பிணம்போற் கிடந்தால் உடனே திகில் கொள்ள வேண்டியதில்லை. சாதாரணக் கார்களில் உள்ளது போன்ற 12 வோல்ட் சிறு பற்றரி வலுவிழந்திருக்கக் கூடும். அதன் விலை பெரிய பற்றரியின் விலையில் ஒரு சிறு பின்னமே.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காரின் அடியிலும் போனெற்றின் கீழும் செம்மஞ்சள் நிறத் தடித்த கம்பிகளைக் காண்பீர்கள். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் இன்வேட்டர் அந்த மின்னை 650 வோல்ட் வரை உயர்த்துகிறது. வீட்டு மின்சாரத்தைவிடக் கொடியது அது. ஆர்வமிகுதியால் பற்றரிப் பெட்டியைத் திறத்தல் ஆகாது.

எல்லாம் ஒரு சாதியல்ல

ஹைபிரிட் என்ற பெயர் ஒன்றாயினும் உள்ளே இருப்பவை வேறு வேறு. மேலே விரித்த கோட்சக்கர அமைப்பு ரொயோட்டாவுக்கு உரியது. 2013 இல் வந்த ஹொண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட் கார்களில் ஏழு கியர்களும் இரட்டைக் கிளச்சும் உண்டு. ஓட்டுவதற்கு உற்சாகமான கார்கள். ஆயினும் தொடக்க காலத்தில் இவற்றை யப்பானிலேயே பலமுறை திருப்பியழைத்துத் திருத்த வேண்டியதாயிற்று. அத்திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்பதும், நெரிசலில் ஊரும்போது உதைப்பு உண்டா என்பதும் வாங்குவோர் பார்க்க வேண்டியவை. நெடுந்தூரம் ஓடிய கார் என்றால் எனது தெரிவு கிளச் இல்லாத அமைப்பே. சுசுகி வாகன்ஆரின் ஹைபிரிட் வகையில் மின்மோட்டார் ஒரு சிறு துணை மாத்திரமே. சிக்கனமும் அதற்கேற்பச் சிறிது, பற்றரி கெட்டால் வரும் செலவும் சிறிது.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பற்றி மிகுந்த விழிப்பு வேண்டும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைச் சூறையாடியபோதும் எண்ணற்ற வாகனங்கள் நீரில் நின்றன. சாதாரணக் கார் காய்ந்து எழுந்துவிடலாம். ஆசனத்தின் கீழே பற்றரியைக் கொண்ட ஹைபிரிட் காரில், கட்டுகளை இணைக்கும் செப்புத் தகடுகள் மெல்ல மெல்லப் பச்சை பூத்து, ஆறு மாதம் சென்ற பின் தொல்லை தலைகாட்டும். ஆசனப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கேதான் மறைந்திருக்கும். மேலதிகச் சக்கரம் வைக்கும் குழியின் மூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள்.

யாருக்கு இலாபம்?

இனிக் கணக்கைப் பார்ப்போம். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் ஹைபிரிட்டையும் 11 கிலோமீற்றர் ஓடும் சாதாரணக் காரையும் எடுத்துக்கொள்வோம். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று கணக்கிற்காக வைப்போம். ஆண்டுக்கு 12 ஆயிரம் கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு முதலாவதில் 600 லீற்றரும், இரண்டாவதில் ஏறத்தாழ 1,090 லீற்றரும் தேவை. மிச்சம் 490 லீற்றர். பணமாக 1 இலட்சத்து 47 ஆயிரம் ரூபா. சில ஆண்டுகள் இவ்வாறு மிச்சம் பிடித்தால், நடுவே ஒரு பற்றரி மாற்ற நேர்ந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். அதே குடும்பம் ஆண்டுக்கு 4 ஆயிரம் கிலோமீற்றரே ஓடுமாயின் மிச்சம் 50 ஆயிரம் ரூபாவையும் எட்டாது. பற்றரியோ சும்மா நின்றே கெடும். அத்தகையோர்க்கு நல்ல நிலையிலுள்ள சிறிய பெற்றோல் காரே உகந்தது என்பது என் துணிபு.

எங்கே ஓடுகிறோம் என்பதும் கணக்கிற் சேரும். வெள்ளவத்தையில் காலி வீதி நெரிசலில் தினமும் ஊர்பவர்க்கு இக்கார் வரப்பிரசாதம். பரந்தனிலிருந்து மாங்குளத்துக்கு ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் நேரே செல்பவர்க்குப் பிறேக் பிடிக்கும் வேளையே அரிது. மீட்கும் மின்னும் அரிது. அங்கே ஹைபிரிட்டின் மேன்மை சுருங்கிவிடும்.

எவ்வாறாயினும், கையிலுள்ள பணம் முழுவதையும் காரின் விலையாகவே கொடுத்துவிடுதல் கூடாது. பற்றரியின் விலையை முன்கூட்டியே விசாரித்து, அத்தொகையை வங்கியில் ஒதுக்கி வைத்துவிட்டு, எஞ்சியதற்கு ஏற்ற காரைத் தேட வேண்டும். தேய்வினால் கெடும் பற்றரிக்கு வாகனக் காப்புறுதி பொதுவாகப் பணம் தருவதில்லை. மாதாந்தக் கடன் தவணையும் பற்றரிச் செலவும் ஒரே மாதத்தில் வந்து, பிள்ளையின் ரியூசன் காசும் நகையும் அடகுக் கடைக்குப் போன வீடுகளை நாம் கண்டதுண்டு.

பத்திரங்களில் கவனிக்க வேண்டியவை சில. பதிவுச் சான்றிதழிலுள்ள சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் காரிலுள்ள எண்களோடு எழுத்துக்கெழுத்து ஒத்திருக்க வேண்டும். லீசிங் நிறுவனத்தின் பெயர் அதில் உரிமையாளராகப் பதிந்திருப்பின், கடன் தீர்ந்தமைக்கான கடிதமின்றிப் பணம் கைமாறக் கூடாது. ஐயமிருப்பின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலேயே விசாரித்துக்கொள்ளலாம். பெயரை மாற்றாது, கையொப்பமிட்ட வெறும் படிவத்தோடு கார் கைக்குக் கை சென்றுகொண்டேயிருக்கும் வழக்கம் நம்மிடையே பரவியுளது. அப்படிவத்தின் கடைசி நுனியில் நிற்பவர் நீங்களாயிருக்க வேண்டாம்.

வாங்கிய முதல் மாதத்திலேயே எண்ணெயையும், இயந்திரத்துக்கும் இன்வேட்டருக்கும் உரிய இரு குளிராக்கும் திரவங்களையும் மாற்றிவிடுங்கள். பற்றரி விசிறியைக் கழற்றித் துப்புரவு செய்வியுங்கள். காரை வேம்பின் நிழலில் விடுங்கள். கிழமைக்கு இரு முறையேனும் ஓட்டுங்கள். பின்னிருக்கையருகிலுள்ள அந்தக் காற்றுத் துவாரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, புத்தகப் பையையோ கோயிலுக்குக் கொண்டுபோகும் பூக்கூடையையோ அதன் மேல் வைக்க வேண்டாமென்று சொல்லிவையுங்கள்.